வாடைக்கு வள்ளம் ஏற்றும்போது எஞ்சினை என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை இறங்கி, வாடை பிடித்து, யாழ்ப்பாணத்தின் வடக்குப் பக்கக் கடல் கறுக்கத் தொடங்கினால் பருத்தித்துறையிலிருந்து மயிலிட்டி வரை வள்ளங்கள் கரையேறிவிடும். வள்ளத்தைக் கவிழ்த்து, வலையை உலர்த்தி, மடித்து வைக்கிறோம். எஞ்சினைக் கழற்றி ஒரு மூலையில் சாத்திவிட்டு, தை பிறந்தபின் கயிற்றை இழுத்துப் பார்க்கிறோம். அது உசும்பாது. கடலில் ஓடிப் பழுதான எஞ்சின்களைவிட, கரையில் சும்மா நின்று பழுதானவைதான் எஞ்சின் திருத்துகிற என் கொட்டிலுக்குக் கூடுதலாக வருகின்றன. அரைநாள் வேலை செய்திருந்தால் தப்பியிருக்கும் எஞ்சின்கள் அவை. அதனால்தான் ஆட்கள் ஒவ்வொரு வருசமும் கேட்கிற கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

கனடாவில் இருக்கிற மச்சான் பனிக்கு முதல் போட் எஞ்சினுக்குள் ஏதோ சிவப்புத் தண்ணி விடவேணும் என்கிறார். எங்களுக்கும் அது வேணுமோ?

வேண்டாம். ஆனால் அவர் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடும். எஞ்சினின் உடம்புக்குள் தண்ணீர் தேங்கி நின்று உறைந்தால், வார்ப்பிரும்பாக இருந்தாலும் அது வெடிக்கும். ஒன்ராறியோ ஏரிகளில் படகு வைத்திருக்கிற எங்கட ஆட்கள் ஒக்ரோபரோடு படகை வெளியே எடுத்து, உள்ளே பூட்டிய எஞ்சினிலுள்ள தண்ணீரை வடித்து, உறையாத திரவத்தை ஓடவிடுவது அதற்காகத்தான். படகுகளுக்கென்று விற்கிற புரொப்பிலீன் கிளைக்கோல் பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். காருக்கு விடுகிற எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு. ஏரிக்குள் போய்ச்சேரும் எஞ்சினுக்கு அதை விடக்கூடாது என்று மச்சானுக்கும் சொல்லிவிடுங்கள். பின்னணியத்தில் (வள்ளத்தின் பின்பக்கத்தில்) பூட்டுகிற எங்கட மாதிரி எஞ்சினென்றால் அதை நிமிர்த்தி வைத்தாலே குளிர்த்தும் தண்ணீர் தானாக இறங்கிவிடும். அங்கேயும் பயப்பட வேண்டியது கியர் பெட்டிக்குள் புகுந்த தண்ணீருக்குத்தான்.

யாழ்ப்பாணத்தில் தை மாதத்து விடியற்காலைகூட 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். பனிக்கட்டி இங்கே வராது. எங்கள் எஞ்சினைத் தின்பது உப்பு. அதற்குத் துணையாக மழைக்கால ஈரமும், காபரேற்றரில் (எரிபொருளைக் காற்றோடு கலக்கிற பகுதியில்) காய்ந்த எண்ணெயும், அதாவது எரிபொருளும், சேர்ந்துகொள்ளும்.

எத்தனை நாள் நின்றால் இந்த வேலையெல்லாம் செய்யவேணும்?

மூன்று கிழமைக்கு மேல் ஓடாது என்று தெரிந்தால் முழுவதையும் செய்யுங்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்தில் களக்கடல் (ஆழமில்லாத உள்கடல்) தொழில் செய்கிறவர்கள் வாடைக்கும் இடையிடையே போய்வருவார்கள். அவர்களுக்கு நல்ல தண்ணீரில் கழுவுவதும் காபரேற்றரை வடிப்பதும் போதும். காலநிலை அறிவித்தல் வந்து நாலைந்து நாள் நிறுத்தினால்கூட அந்த இரண்டையும் விடவேண்டாம்.

நல்ல தண்ணீரில் கழுவுவது என்றால் வெளியே வாளியால் ஊற்றினால் போதாதோ?

போதாது. இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. ஆகையால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. எஞ்சினை நிறுத்தியதும், சூடான சிலிண்டரைச் சுற்றியுள்ள ஒடுக்கமான பாதைகளில் ஒட்டிநிற்கும் கடல்நீர் வற்றிவிடும். உப்பு அங்கேயே தங்கிவிடும். ஆனையிறவில் பாத்தி கட்டி வெயிலில் எடுக்கிற உப்பை, நாங்கள் எங்கள் எஞ்சினுக்குள்ளேயே விளைவிக்கிறோம். ஒவ்வொரு நாளும் ஒரு படை. போன வருசம் ஒரு 40 குதிரைவலு எஞ்சினின் தலையைக் கழற்றினேன். தண்ணீர் போகிற வழியில் சின்ன விரலை விடலாம் என்று நினைத்தால், தீக்குச்சி போகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. மிச்சமெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாகக் கல்லுப்பு மாதிரி இறுகிக் கிடந்தது. சுரண்டினால் பொருக்காக உடைந்தது. அந்த எஞ்சின் சூடேறி அடித்ததில் அதிசயமே இல்லை.

ஒரு பெரிய பரலை (பீப்பாயை) எடுங்கள். வாயை வெட்டி, விளிம்பை மழுங்கச் செய்யுங்கள். எஞ்சினைக் கனமான மரத்தாங்கியில் பூட்டி, கால்பகுதியைப் பரலுக்குள் இறக்குங்கள். தண்ணீர் புரொப்பலருக்கு மேலே உள்ள தட்டையான தகட்டையும் தாண்டி நிற்கவேண்டும். அதற்குக் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். புரொப்பலரை முதலே கழற்றிவிடுவது நல்லது. கியரில் போடாமல், மெதுவான ஓட்டத்தில், பத்து முதல் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள்.

ஏன் அவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். தேர்மோஸ்ரற் என்பது தண்ணீர் போகிற வழியிலுள்ள ஒரு வாசல்; அது உள்ள எஞ்சினில், எஞ்சின் சூடேறினால்தான் அந்த வாசல் திறக்கும். இரண்டு நிமிடத்தில் நிறுத்தினால் தண்ணீர் அந்தப் பக்கம் போயே இராது. வெளியே சுத்தமாகப் பீச்சுவதைப் பார்த்து நாங்கள் ஏமாந்துவிடுவோம். பரல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லமாட்டேன், அதில் எண்ணெய் மிதக்கும். ஒருமுறை தண்ணீரை மாற்றி இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். புகை நச்சு; அடைத்த அறைக்குள் இந்த வேலை வேண்டாம். வெளிவாசலில் செய்யுங்கள், சின்னப்பிள்ளைகள் கிட்ட வராமல் பாருங்கள்.

எங்கட வீட்டுக் கிணறு உவர். அந்தத் தண்ணி பாவிக்கலாமோ?

கரையோரத்தில் இது பெரிய பிரச்சினை. உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுகிற வேலை. எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்பதால் உள்ளூரில் உள்ள நல்ல தண்ணீர்க் கிணறுகளிலும் சுண்ணாம்பு இருக்கும். கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான். ஆனால் அது ஒருநாள் கழுவலில் எஞ்சினைக் கெடுக்காது, பயப்படவேண்டாம்.

எல்லாவற்றிலும் நல்லது மழைத்தண்ணீர். நாங்கள் எஞ்சினை ஏற்றுவதும் மழை கொட்டுவதும் ஒரே காலத்தில் நடக்கிறது, அது எங்கள் அதிர்ஷ்டம். பீலியின் (கூரைத் தண்ணீர் வடிகிற தகட்டின்) கீழே பரலை வைத்தால் ஒரு இரவு மழையில் நிறைந்துவிடும். முதல் மழைத் தண்ணீரைப் போகவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள், கூரைத் தூசி வராது.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு வேறே ஏதும் செய்யவேணுமோ?

ஆம். எங்கள் எஞ்சின்களில் பலவும் பெற்றோலில் உசும்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுகிறவை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. காபரேற்றரில் மண்ணெண்ணெயோடு நிறுத்தி வைத்த எஞ்சினைத் தை மாதத்தில் இழுத்தால் தோள்மூட்டுக் கழன்றாலும் அது உசும்பாது.

ஆகவே பரலில் கழுவும்போது கடைசி ஐந்து நிமிடத்தைப் பெற்றோலில் ஓட்டுங்கள். பிறகு எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை மெதுவாக ஓடவிடுங்கள். இந்த நேரத்தில் முறுக்காதீர்கள். இரண்டடி (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினுக்கு ஒயில் வருவது எண்ணெயோடு சேர்ந்துதான். எண்ணெய் வற்றும்போது ஒயிலும் வற்றுகிறது. நின்றபின், காபரேற்றரின் அடியிலுள்ள சின்ன ஸ்குரூவை இளக்கி மிச்சத்தை ஒரு போத்தல் மூடியில் பிடியுங்கள். தானாக நின்றாலும் அடியில் கொஞ்சம் கிடக்கும். அந்தக் கொஞ்சம்தான் இரண்டு மாதத்தில் பிசின் மாதிரிக் காய்ந்து, ஊசித் துவாரத்தை அடைக்கும். மூடியில் விழுந்ததை வெளிச்சத்தில் பாருங்கள்: அடியில் முத்துமுத்தாக உருண்டால் தண்ணீர். அப்படியென்றால் டாங்கியையும் எண்ணெய் வடிக்கிற வடியையும் கழுவவேண்டும்.

டாங்கியில் மிஞ்சின எண்ணெயை ஊத்தவோ?

மனம் வராதுதான். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போன நாளிலிருந்து கரையில் ஒருவரும் ஒரு துளியைக்கூட வீணாக்குவதில்லை. ஊற்றவும் கூடாது. கடலிலோ கிணற்றடியிலோ ஊற்றினால் அது எங்கள் குடிதண்ணீருக்குத்தான் வந்து சேரும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் எதுவும் சுலபமாகக் கீழே இறங்கும்.

மண்ணெண்ணெய் ஒரு பருவம் தாங்கும். இறுக மூடிய கானில், வெயில் படாமல், அடுப்படிக்குத் தூரத்தில் வையுங்கள். தையில் துணியால் வடித்துப் பாவிக்கலாம். ஒயில் கலந்ததை விளக்குக்கோ குக்கருக்கோ விடாதீர்கள், கரி கக்கும். பெற்றோல் அவ்வளவு நாள் தாங்காது. அதனால் ஏற்றுவதற்கு முந்திய கிழமையே கணக்காகக் கலந்து முடித்துவிடுவதுதான் புத்தி. ஒயில் கலந்த பெற்றோலை மோட்டார் சைக்கிளுக்கு விடுவதும் சரியில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒயில் விடவேணும் என்கிறார்களே, எவ்வளவு?

சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி, கூடினால் இரண்டு. இரண்டடி எஞ்சினுக்கு நீங்கள் கலக்கிற அதே ஒயில் போதும். நிறுத்துகிற கிளிப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றை மெதுவாக ஐந்தாறு தரம் இழுங்கள். ஒயில் சுவரெல்லாம் பரவும். பிறகு பழைய பிளக்கையே பூட்டுங்கள், புதியதைத் தைக்கு வையுங்கள். மழைக்கால ஈரம் உள்ளே போனாலும் இரும்பைத் தொடாது. கொட்டிலுக்கு வருகிற இறுகிப்போன எஞ்சின்களில் இந்த ஒரு கரண்டி ஒயில் இல்லாததால் இறுகியவை நிறைய.

கியர் ஒயிலைத் தையில் மாத்தினால் என்ன?

இப்பவே மாற்றுங்கள். பழைய ஒயிலுக்குள் கடல்நீர் புகுந்திருந்தால், நீங்கள் வீட்டில் நத்தார் கொண்டாடுகிற அவ்வளவு நாளும் அது பெயறிங்குகளைத் தின்றுகொண்டிருக்கும்.

கியர் பெட்டியின் கீழ்ப் பிளக்கை முதலில் கழற்றி, பிறகு மேல் பிளக்கைக் கழற்றினால் ஒயில் இறங்கும். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, தண்ணீரைத் தடுக்கிற சீல் போய்விட்டது. புது ஒயிலைக் கீழ் ஓட்டையால் ஏற்றுங்கள். மேலே குமிழி இல்லாமல் வழியும்போது மேல் பிளக்கை முதலில் பூட்டி, பிறகு கீழ்ப் பிளக்கைச் சட்டென்று பூட்டுங்கள். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று தங்கிவிடும். வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள், சில்லறைக் காசுதான்.

சீல் ஏன் போகிறது? புரொப்பலரைக் கழற்றிப் பாருங்கள். பத்தில் பல எஞ்சின்களில் அச்சைச் சுற்றித் தங்கூசி (நைலோன் இழை) இறுகிக் கிடக்கும். கடலில் அறுந்து மிதக்கிற வலைத்துண்டு சுற்றி, சூட்டில் உருகி, கண்ணாடி வளையல் மாதிரி ஆகியிருக்கும். தண்ணீர் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் தடவினால்தான் தட்டுப்படும். அது உள்ளே நெருக்கி நெருக்கிச் சீலின் உதட்டை வெட்டுகிறது. கத்தியால் அச்சைக் கீறாமல், ஒரு முனையைத் தேடிப் பிடித்து, பின்பக்கமாகச் சுற்றி எடுங்கள். பிறகு அச்சின் பற்களுக்குக் கடல்நீர் தாங்கும் கிறீஸைப் பூசி, புரொப்பலரைத் திரும்பப் பூட்டுங்கள். கிறீஸ் பூசாமல் விட்டால் இரண்டு வருசத்தில் புரொப்பலர் அச்சோடு ஒட்டிவிடும். சுத்தியலால் அடித்துக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இம்பெலர்?

வருசத்துக்கு ஒன்று. தண்ணீர்ப் பம்புக்குள் சுழல்கிற இறப்பர்ச் சில்லு அது. அதன் இதழ்கள் ஒருபக்கமாக மடிந்தே நின்று பழகிவிடும். தண்ணீர் இல்லாமல் சில விநாடி ஓடினாலே கருகும். "ஒருக்கா உசுப்பிப் பார்ப்போம்" என்று எஞ்சினைத் தரையில் வைத்து இழுக்கிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

கால்பகுதியில் இருக்கிற நாகக் (சிங்க்) கட்டி பாதி கரைஞ்சுபோச்சு. பெயின்ற் அடிக்கலாமோ?

அடிக்கவே கூடாது. அது கரைவதால்தான் அலுமினியம் கரையாமல் இருக்கிறது. பாதி கரைந்தால் மாற்றுங்கள்.

தேங்காய் எண்ணெய் பூசினால் துருப்பிடிக்காது என்று அப்பு சொல்லுவார்.

அப்புவின் காலத்தில் கத்திக்கும் மண்வெட்டிக்கும் அது சரியாக இருந்தது. எஞ்சினில் அது நாளாக ஆகப் பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து, இறுகிவிடும். எரிந்த பழைய ஒயிலும் வேண்டாம், அதில் அமிலம் இருக்கிறது. மூடியைக் கழற்றி உள்ளே ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஈரம் விரட்டும் ஸ்பிறேயை மெல்லிசாக அடியுங்கள். கிறீஸ் நிப்பிள்களில் பழைய கிறீஸ் வெளியே தள்ளும்வரை புதுக் கிறீஸை ஏற்றுங்கள். முன்பின் சாய்க்கிற அச்சுத்தான் முதலில் இறுகும், அதை மறக்காதீர்கள்.

எப்படி வைக்கிறது? சுவரில் சாத்தலாமோ?

நிமிர்த்தி வையுங்கள், மரத்தாங்கியில், வள்ளத்தில் பூட்டியிருக்கும் நிலையிலேயே. இதை நான் பட்டுத்தான் படித்தேன். 2020 மார்கழியில் புரெவி புயல் வந்த கிழமை, நாள் கணக்காக மழை. கடல் கொந்தளிக்குது, ஆட்கள் ஓடுகிறார்கள். அப்பாவின் 15 குதிரைவலு எஞ்சினைக் கழற்றித் தோளில் கொண்டுவந்து, விறாந்தையில் தலை கீழே, கால் மேலேயாகக் கிடத்திவிட்டுப் போய்விட்டேன். கால்பகுதியில் நின்ற கடல்நீர் புகை போகிற வழியாக இறங்கிச் சிலிண்டருக்குள் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துக் கயிற்றைப் பிடித்தால் கல்லைப் பிடித்த மாதிரி இருந்தது. தலையைக் கழற்றியபோது சிலிண்டர் சுவரில் செங்கட்டி நிறத்தில் ஒரு வளையம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. விரலால் அந்த வளையத்தைத் தடவிவிட்டு எழும்பிப் போனார். அந்த வருசத்து உழைப்பில் பெரும்பங்கு அந்த ஒரு சிலிண்டருக்கே போனது.

தற்செயலாகக் கிடத்தித்தான் ஆகவேண்டும் என்றால், தண்ணீர் முழுவதும் வடிந்தபின், தலைப்பக்கம் உயர்ந்திருக்கக் கிடத்துங்கள். நாலடி (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினுக்கு எந்தப் பக்கம் கீழே வரலாம் என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.

மேலே பொலித்தீனை இறுகச் சுற்றாதீர்கள், உள்ளே வேர்க்கும். பருத்திச் சேலையோ சாக்கோ போர்த்தி, மழைச்சாரல் படும் இடமென்றால் அதற்கு மேலே தறப்பாளைத் தளர்வாகக் கட்டுங்கள்.

டீசல் போட்டுக்கு?

அது தனிக்கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டை நிறுத்திவைப்பதற்கு முன் எஞ்சின் ஒயிலை மாற்றவேண்டும். ஓடிய ஒயிலிலுள்ள அமிலம் நிற்கும்போதுதான் வேலை காட்டும். கடல்நீர் போகும் பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவி வடியுங்கள். டீசல் டாங்கியை நிறைத்து வையுங்கள், வெற்றிடம் இருந்தால் ஈரம் படிந்து அடியில் தண்ணீர் சேரும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள்.

புயலில் எஞ்சின் கடலுக்குள் தாண்டுபோய் எடுத்தோம். காயவைக்கவோ?

காயவைக்கவே வேண்டாம்! கடலுக்குள் கிடந்ததைவிட, வெளியே எடுத்துக் காற்றுப் பட்டபிறகுதான் துரு வேகமாகப் பிடிக்கும். எடுத்தவுடன் நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவுங்கள். பிளக்குகளைக் கழற்றி, துவாரம் கீழே பார்க்கச் சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கரகரவென்று மண் அரைபட்டால் இழுப்பதை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மண் இல்லையென்றால் தாராளமாக ஒயில் விட்டுச் சுற்றி, காபரேற்றரைக் கழுவி, அன்றைக்கே உசுப்பி அரைமணி நேரம் ஓட்டவேண்டும். மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார் என்றால், எஞ்சினை நல்ல தண்ணீர் நிறைந்த பரலுக்குள் முழுதாக அமிழ்த்தி வைத்திருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

தை மாசியில் திரும்ப இறக்கும்போது எதைப் பார்க்கவேணும்?

கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கடைசி நேரத்தில் கொட்டிலுக்கு ஓடிவருவார்கள். அதற்கு ஒரு கிழமை முன்பே பரலில் வைத்து உசுப்பிப் பாருங்கள். முதல் சில நிமிடம் புகை மண்டும்; உள்ளே விட்ட ஒயில் எரிகிறது, பயப்படவேண்டாம். புகை தெளிந்தபின் புதுப் பிளக்கைப் போடுங்கள்.

கண் முழுவதும் தண்ணீர் பீச்சும் ஓட்டையில் இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் வரவில்லையென்றால் நிறுத்துங்கள். இம்பெலரைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்த ஓட்டையைப் பாருங்கள்: இரண்டு மாதம் சும்மா நின்ற குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும். கம்பியால் குத்தாதீர்கள். ஒரு சாண் தடித்த தங்கூசியை உள்ளே விட்டுச் சுழற்றினால் மண் பொடியாகக் கொட்டும், பின்னாலேயே தண்ணீர் வரும்.

முதல் நாள் கரை தெரியும் தூரத்துக்குள்ளேயே ஓடித் திரும்புங்கள். சவளும் (துடுப்பும்), மேலதிக பிளக்கும், அதற்குரிய ஸ்பானரும் வள்ளத்தில் இருக்கட்டும். கரைக்கு வந்ததும் கியர் பிளக்கைச் சுற்றித் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் ஒயில் பட்டால் வாஷர் சரியாகப் பொருந்தவில்லை, அன்றைக்கே திரும்பக் கழற்றிப் பூட்டுங்கள்.